எடை போடுகிறவருக்கு வங்கிக் கணக்கு எண் எதற்கு?

வாசகர் கேள்வி – பதில்

(அலுவலகத் தரவுத்தளத்தில் யார் எதைப் பார்க்கலாம், யார் எதைத் திருத்தலாம் என்பது பற்றிக் கேள்விகள் அனுப்பச் சொல்லியிருந்தோம். கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களிலிருந்து வந்தவை பெரும்பாலும் மைக்ரோசாஃப்ட் டேட்டாவெர்ஸ் பற்றியவை. பவர் ஆப்ஸ் என்ற கருவியில் செய்யும் செயலிகளும் டைனமிக்ஸ் 365 என்ற வணிக மென்பொருளும் தங்கள் தரவைச் சேமிக்கும் இடம் அது. ஓசூரில் ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையின் கணினிப் பிரிவில் இருந்துவிட்டு, இப்போது கிருஷ்ணகிரியில் இருந்தபடி மாங்கூழ் ஆலைகளுக்கும் பால் நிறுவனங்களுக்கும் இந்த வேலையைப் பார்த்துத் தரும் நம் தோழி பதில் சொல்கிறார். – ஆசிரியர் குழு)

எங்கள் மாங்கூழ் ஆலையில் எடை மேடை, கொள்முதல், கணக்கு எல்லாம் டேட்டாவெர்ஸில் ஓடுகின்றன. செயலி செய்து தந்தவர்கள், 'அனுமதி இல்லை' என்று பிழை வந்தபோதெல்லாம் அந்த ஆளுக்கு சிஸ்டம் அட்மினிஸ்ட்ரேட்டர் ரோலை (எல்லா அனுமதிகளும் உள்ள தொகுப்பை) கொடுத்துவிட்டுப் போய்விட்டார்கள். இன்றைக்கு கேட்டில் இருக்கும் பையன் வரை எல்லாரும் அட்மின். சீசனுக்கு முன் இதைச் சரி செய்ய வேண்டும். எங்கிருந்து தொடங்குவது?
– வாசகர், பர்கூர்

நல்ல நேரத்தில் கேட்டீர்கள். பெங்களூரா காய் இறங்க ஆரம்பித்த பிறகு ரோலில் கை வைக்காதீர்கள். ஒரு அனுமதி விட்டுப்போனாலும் எடைச் சீட்டு விழாது, கேட்டுக்கு வெளியே லாரி வரிசை நிற்கும், வெயிலில் காய் கெடும். ஏப்ரல் முடிவதற்குள் செய்து, சோதித்துப் பார்த்து, முடித்துவிடுங்கள்.

சிஸ்டம் அட்மினிஸ்ட்ரேட்டர் ரோல் இருந்தால் அந்த என்விரான்மென்ட்டில், அதாவது உங்கள் செயலியும் தரவும் இருக்கும் சூழலில், உள்ள எல்லா அட்டவணைகளையும் பார்க்கலாம், திருத்தலாம், அழிக்கலாம். இன்னொருவருக்கு ரோல் கொடுக்கக்கூடச் செய்யலாம். கேட்டில் இருக்கும் பையன் நல்ல பையனாகத்தான் இருப்பான். ஆனால் அவன் போன் தொலைந்தால், பாஸ்வேர்ட் எழுதி வைத்த சீட்டை வேறு யாராவது எடுத்தால், உங்கள் ஆலையின் மொத்தத் தரவும் அவர்கள் கைக்குப் போகும்.

இதில் எனக்குச் சொந்தக் கவலையும் உண்டு. என் வீட்டுக்காரர் சந்தூர் பக்கம் மாந்தோப்பு வைத்திருக்கிறார். ஒரு ஆலைக்குக் காய் போட்ட வாரம் அவருக்கு ஒரு போன் வந்தது. லாரி எண்ணைச் சொன்னான், எடையைச் சொன்னான், "பணம் பேங்க்கில் நிற்கிறது, ஓடிபி வந்திருக்கும், சொல்லுங்கள்" என்றான். அவர் போனை என்னிடம் நீட்டியதால் தப்பித்தோம். லாரி எண், எடை, கைபேசி எண், வங்கிக் கணக்கு ஆகிய நான்கும் ஒரே இடத்தில் இருப்பது ஆலைகளின் தரவுத்தளத்தில்தான். அதனால்தான் இந்த ரோல் வேலையை நான் வெறும் கணினி வேலையாகப் பார்ப்பதில்லை. நம்பிக் காய் போடுகிறவரின் விவரத்தைப் பத்திரமாக வைத்திருப்பது ஆலையின் கடமை.

சரி, வேலைக்கு வருவோம். கம்ப்யூட்டரைத் திறப்பதற்கு முன் எடை மேடையில் ஒரு ஷிஃப்ட் உட்காருங்கள். அங்கே இருப்பவர் என்னென்ன செய்கிறார் என்று ஒரு தாளில் எழுதுங்கள். புதுச் சீட்டு போடுகிறார். விவசாயி பெயரைத் தேடி எடுக்கிறார். ரகத்தைத் தேர்ந்தெடுக்கிறார். காலி லாரி திரும்பி வந்ததும் அதே சீட்டைத் திறந்து காலி எடையைப் போடுகிறார். இந்தத் தாள்தான் உங்கள் ரோல். மற்றதெல்லாம் இதைத் திரையில் மொழிபெயர்ப்பதுதான்.

ஒவ்வொரு அட்டவணைக்கும் எட்டு அனுமதிகள் உண்டு: கிரியேட் (புதிதாகப் போட), ரீட் (பார்க்க), ரைட் (திருத்த), டெலீட் (அழிக்க), அப்பெண்ட், அப்பெண்ட் டு (ஒரு பதிவை இன்னொன்றோடு இணைக்க), அசைன் (உரிமையாளரை மாற்ற), ஷேர் (பகிர). ஒவ்வொன்றும் எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்கு அளவுகள் உண்டு. எதுவும் இல்லை என்பது ஒன்று. யூசர் அளவு என்றால் தன் பெயரில் உள்ள பதிவுகளும், தனக்கோ தன் குழுவுக்கோ பகிரப்பட்டவையும். அப்புறம் தன் பிசினஸ் யூனிட் (கிளை அல்லது பிரிவு) முழுக்க. அதற்கு மேல் தன் யூனிட்டும் அதன் கீழ் உள்ள யூனிட்டுகளும். கடைசியில் ஆர்கனைசேஷன், அதாவது எல்லாமே.

இங்கேதான் எடை மேடையில் உட்கார்ந்து பார்த்தது கை கொடுக்கும். தன் சீட்டைத் தானே திருத்தினால் போதும் என்று நினைத்து, ரைட் அனுமதியை யூசர் அளவில் வைக்கத் தோன்றும். ஆனால் இரவு வந்த லாரிக்கு லோடு எடை போட்டவர் இரவு ஷிஃப்ட்காரர். காய் இறக்கி, காலையில் காலி எடை போடுகிறவர் வேறொருவர். யூசர் அளவில் வைத்தால் காலை ஷிஃப்ட்காரரால் அந்தச் சீட்டை முடிக்க முடியாது, மறுபடி "எல்லாருக்கும் அட்மின் கொடுங்கள்" என்ற பேச்சு வரும். ஆகவே எடைச் சீட்டுக்கு ரீட், ரைட் இரண்டும் பிசினஸ் யூனிட் அளவில் இருக்கட்டும். டெலீட் வேண்டவே வேண்டாம். தப்பாகப் போட்ட சீட்டுக்கு 'ரத்து' என்று ஒரு நிலை வையுங்கள், பதிவு அப்படியே கிடக்கட்டும். பின்னால் டன் கணக்கில் தகராறு வந்தால் அதுதான் பேசும். விவசாயி அட்டவணைக்கு ரீட்டும் அப்பெண்ட் டுவும் ஆர்கனைசேஷன் அளவில், மற்றது எதுவும் இல்லை. புது விவசாயியைச் சேர்ப்பது கொள்முதல் பிரிவின் வேலை.

இப்போது திரைக்கு. இந்தக் கருவிகளை நிர்வகிக்கும் பவர் பிளாட்ஃபார்ம் அட்மின் சென்டர் தளத்தில் உங்கள் என்விரான்மென்ட்டைத் தேர்ந்து, செட்டிங்ஸ் போய், யூசர்ஸ் அண்ட் பெர்மிஷன்ஸ் பகுதியில் செக்யூரிட்டி ரோல்ஸைத் திறங்கள். அங்கே ஏற்கெனவே இருக்கும் பேசிக் யூசர், சிஸ்டம் கஸ்டமைசர் போன்றவற்றைத் திருத்தாதீர்கள். அவை மைக்ரோசாஃப்ட் தருபவை, பின்னால் வரும் புதுப்பிப்பில் உங்கள் திருத்தம் அடிபட்டுப் போகலாம். ஆப் ஓப்பனர் என்ற ரோல், செயலியைத் திறக்கத் தேவையான குறைந்தபட்ச அனுமதிகளை மட்டும் கொண்டது. அதை நகலெடுத்து, 'எடை மேடை எழுத்தர்' என்று வேலையின் பெயரையே வையுங்கள். ஆளின் பெயரை வைக்காதீர்கள். ஆள் மாறுவார், வேலை மாறாது.

ரோலைத் திறந்ததும் உங்கள் அட்டவணை கண்ணில் படாவிட்டால் பதற வேண்டாம். அனுமதி கொடுத்த அட்டவணைகளை மட்டும் காட்டும் நிலையில் இருக்கும். எல்லா அட்டவணைகளையும் காட்டும்படி மாற்றுங்கள். ஒவ்வொரு அட்டவணைக்கும் பெர்மிஷன் செட்டிங்ஸ் என்று சில ஆயத்த அமைப்புகளும் இருக்கின்றன. ரெஃபரன்ஸ் என்றால் பார்க்க மட்டும். பிரைவேட் என்றால் தன்னுடையதை மட்டும் பார்க்கவும் திருத்தவும். கொலாபரேட் என்றால் எல்லாருடையதையும் பார்க்கலாம், தன்னுடையதை மட்டும் திருத்தலாம். மாங்காய் ரகம் போன்ற அட்டவணைக்கு ரெஃபரன்ஸ் பொருந்தும். போட்ட பிறகு அப்பெண்ட் டு எந்த அளவில் இருக்கிறது என்று மட்டும் ஒரு தடவை பாருங்கள். எடைச் சீட்டுக்கு இவற்றில் எதுவும் பொருந்தாது, ஒவ்வொன்றாகத்தான் வைக்க வேண்டும்.

அப்படியே பலவகை அனுமதிகள் இருக்கும் இன்னொரு பக்கத்தையும் திறந்து, எக்ஸ்போர்ட் டு எக்ஸல் இருக்கிறதா என்று பாருங்கள். எடை மேடைக்கும் கேட்டுக்கும் அதை எடுத்துவிடுங்கள். விவசாயிகள் பட்டியல் வெளியே போவதற்கு அதைவிடச் சுலபமான வழி இல்லை. ஒரு க்ளிக், ஒரு பென் டிரைவ், அவ்வளவுதான்.

மாற்றும் வரிசை முக்கியம். முதலில் சாண்ட்பாக்ஸ் (ஒத்திகைச் சூழல்) நகலில், சோதனைக்கென்று ஒரு கணக்கை வைத்து, தாளில் எழுதிய ஒவ்வொரு வேலையையும் செய்து பாருங்கள். உங்கள் சொந்தக் கணக்கில் சோதிப்பதில் பயனில்லை. நீங்கள் அட்மின், உங்களுக்கு எல்லாமே வேலை செய்யும். பிறகு நிஜச் சூழலில் ஒரே ஒரு எழுத்தருக்குப் புது ரோலைச் சேர்த்து, அதன்பின் அட்மினை எடுங்கள். முதலில் அட்மினை எடுத்தால் அவரிடம் எந்த ரோலும் இருக்காது, செயலியே திறக்காது. இரண்டு மூன்று நாள் அவர் நிம்மதியாக வேலை செய்த பிறகு மற்றவர்களுக்கு. கடைசியில் ஆலையில் இரண்டு அட்மின் இருந்தால் போதும். ஒருவர் மட்டும் என்று வைக்காதீர்கள்; அவர் திருப்பதி போன அன்றைக்குத்தான் எல்லாம் நிற்கும்.

பார்வை மட்டும் உள்ள புது ரோல் ஒன்றை உருவாக்கி எங்கள் சூப்பர்வைசருக்குக் கொடுத்தேன். ஆனாலும் அவரால் எல்லாவற்றையும் திருத்த முடிகிறது. ரோல் வேலை செய்யவில்லையா?
– வாசகி, காவேரிப்பட்டணம்

வேலை செய்கிறது. அவரிடம் பழைய ரோலும் இருக்கிறது, அதுவும் வேலை செய்கிறது.

டேட்டாவெர்ஸ் ரோல்களுக்குக் கூட்ட மட்டும்தான் தெரியும், கழிக்கத் தெரியாது. ஒருவரிடம் மூன்று ரோல் இருந்தால் மூன்றிலும் எது பெரிய அனுமதியோ அதுதான் செல்லும். 'இவருக்கு இது கூடாது' என்று தடுக்கும் ரோல் ஒன்று கிடையாது. புதுச் சாவி கொடுத்ததால் பழைய சாவி திறக்காமல் போய்விடாது. பழையதை வாங்கி வைத்தால்தான் உண்டு.

நேரடியாகக் கொடுத்த ரோல்களை எடுத்த பிறகும் அவரால் திருத்த முடிந்தால், அவர் எந்தக் குழுவில் இருக்கிறார் என்று பாருங்கள். குழுவுக்கும் ரோல் கொடுக்கலாம், அது உறுப்பினர்களுக்கு வந்து சேரும். அவரிடம் மீதமுள்ள ரோல் ஏதாவதில் திருத்தும் அனுமதி யூசர் அளவிலாவது இருந்தால், யாராவது அந்தப் பதிவை அவருக்கு ஷேர் செய்திருக்கலாம். மேலதிகாரி–கீழ்ப்பணியாளர் வரிசைப்படி அனுமதி தரும் ஹயரார்க்கி செக்யூரிட்டி இயக்கப்பட்டிருந்தால், அவருக்குக் கீழ் இருப்பவர்களின் பதிவுகள் அந்த வழியாகவும் வரும்.

இதையெல்லாம் தலையில் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம். மாடல் டிரிவன் செயலியில் (அட்டவணைகளை வைத்தே திரைகள் அமையும் பவர் ஆப்ஸ் வகை) அந்தப் பதிவைத் திறந்து, மேலே உள்ள பட்டையில் செக் ஆக்சஸ் என்பதை அழுத்தி, அவர் பெயரைக் கொடுங்கள். அவருக்கு என்னென்ன அனுமதி, அது எந்த ரோல் வழியாக, எந்தக் குழு வழியாக, எந்தப் பகிர்வு வழியாக வந்தது என்று காட்டும். ஒன்றைக் குறைக்க வேண்டுமென்றால் அது எங்கிருந்து வருகிறது என்று முதலில் தெரிய வேண்டும். நான் எந்த ரோலைத் தொடுவதற்கு முன்பும் இதைத்தான் திறப்பேன்.

பட்டுக்கூடு வாங்கி நூல் எடுக்கும் சிறு யூனிட் வைத்திருக்கிறோம். கொள்முதல் பதிவு போடும் அனுமதி, விவசாயி பட்டியலைப் பார்க்கும் அனுமதி இரண்டும் கொடுத்தாயிற்று. ஆனாலும் பதிவில் விவசாயி பெயரைத் தேர்ந்து சேமித்தால் பிழை வருகிறது.
– வாசகர், தருமபுரி

நீங்கள் விட்டது அப்பெண்ட், அப்பெண்ட் டு என்ற ஜோடியை. புதிதாக ரோல் வைக்கிறவர்களில் பாதிப் பேர் தடுக்கி விழும் இடம் இது.

ஒரு பதிவை இன்னொரு பதிவோடு இணைக்க இரண்டு பக்கமும் சம்மதம் வேண்டும். எந்தப் பதிவைக் கொண்டுபோய் இணைக்கிறோமோ அதற்கு அப்பெண்ட். எதோடு இணைக்கிறோமோ அதற்கு அப்பெண்ட் டு. உங்கள் விஷயத்தில் கொள்முதல் பதிவுக்கு அப்பெண்ட், விவசாயிக்கு அப்பெண்ட் டு. அளவையும் கவனியுங்கள். விவசாயி பதிவுகளை உருவாக்கியவர் வேறொருவர் என்றால் அப்பெண்ட் டுவை யூசர் அளவில் வைத்துப் பயனில்லை, ஆர்கனைசேஷன் அளவு வேண்டும்.

பிழைச் செய்தியை 'ஏதோ இங்கிலீஷில் வருகிறது' என்று மூடிவிடாதீர்கள். விவரத்தைத் திறந்தால் பி, ஆர், வி என்ற மூன்று எழுத்தில் தொடங்கும் நீளமான ஒரு சொல் இருக்கும். அதன்பின் ரீட், அப்பெண்ட் டு என்று ஏதாவது ஒரு செயலின் பெயர், அதற்கும் பின் அட்டவணையின் பெயர், எல்லாம் இடைவெளி இல்லாமல் ஒட்டி இருக்கும். எந்த அட்டவணையில் எந்த அனுமதி குறைகிறது என்று அதுவே சொல்லிவிடுகிறது. அதைப் படித்து அந்த ஒன்றை மட்டும் கொடுத்தால் போதும். இந்தச் செய்தியைப் படிக்கப் பொறுமை இல்லாமல்தான் முதல் கேள்வியில் பார்த்தோமே, அந்த ஆலையில் எல்லாரும் அட்மின் ஆனார்கள்.

முதலாளி, "என் கம்பெனியில் எனக்கே அட்மின் இல்லையா?" என்று கோபப்படுகிறார். எப்படிச் சொல்வது?
– பெயர் வேண்டாம், கிருஷ்ணகிரி

அவர் கோபம் நியாயமானது. தன் பணத்தைப் போட்டு நடத்தும் தொழிலில் தான் பார்க்கக் கூடாத இடம் ஒன்று இருக்கிறது என்று யார் சொன்னாலும் சுருக்கென்று இருக்கும். ஆகவே 'கூடாது' என்று தொடங்காதீர்கள். "ஐயா, உங்களுக்குத் தெரியாதது எதுவும் இருக்காது" என்று தொடங்குங்கள். அது உண்மையும்கூட. எல்லா அட்டவணைகளுக்கும் ஆர்கனைசேஷன் அளவில் ரீட் கொடுத்து, அவருக்கென்று ஒரு ரோல் செய்யுங்கள். விலை நிர்ணயம், முன்பணம் அனுமதிப்பது போன்று அவர் கையால் மாற்ற வேண்டியவற்றுக்கு ரைட் சேருங்கள்.

அதன்பின் காரணத்தைச் சொல்லுங்கள். ஊரில் எல்லாருக்கும் தெரிந்த மின்னஞ்சல் அவருடையது. போலி மெயில் முதலில் வருவது அவருக்குத்தான். அவர் ஐபேடில் பேரப்பிள்ளைகள் விளையாடுவார்கள். அந்தக் கணக்கில் அட்மின் இருந்தால், ஒரு தவறான க்ளிக்கில் போவது அவருடைய தொழில்தான். அட்மின் வேலை செய்ய வேண்டிய நேரத்துக்கு மட்டும் தனிக் கணக்கு ஒன்றை உருவாக்கி, அதன் பாஸ்வேர்டை அவரிடமே கொடுத்து வையுங்கள். தினசரி வேலைக்கு அதில் நுழைய வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். மரியாதைக்கும் குறைவில்லை, பாதுகாப்புக்கும் குறைவில்லை.

இன்னொன்றையும் சொல்லலாம். 2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில், தரவைக் காக்க நியாயமான பாதுகாப்பு ஏற்பாடு செய்யத் தவறினால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம் என்று இருக்கிறது. சின்ன ஆலைக்கு அவ்வளவு விதிப்பார்கள் என்று பயமுறுத்தச் சொல்லவில்லை. விவசாயியின் கைபேசி எண்ணையும் கணக்கு எண்ணையும் சட்டம் எவ்வளவு கனமாகப் பார்க்கிறது என்பது முதலாளிக்கும் தெரிய வேண்டும்.

எழுத்தர் விவசாயியின் பெயரையும் ஊரையும் பார்க்க வேண்டும், வங்கிக் கணக்கு எண்ணை மட்டும் பார்க்கக் கூடாது. ரோலில் அந்த வசதி காணோமே?
– வாசகி, ஊத்தங்கரை

ரோல் அட்டவணை அளவில்தான் பேசும். அட்டவணையின் ஒரு பத்தியை (column) மட்டும் மறைக்க காலம் (column) செக்யூரிட்டி என்று தனியாக இருக்கிறது. அந்தப் பத்தியின் அமைப்பில் அதை இயக்கிவிட்டு, காலம் செக்யூரிட்டி புரொஃபைல் ஒன்றை உருவாக்கி, கணக்குப் பிரிவு ஆட்களை அதில் சேருங்கள். படிக்க, திருத்த, புதிதாகப் போட என்று மூன்று அனுமதிகளையும் அதில் தனித்தனியாகத் தரலாம். அதில் இல்லாதவருக்கு அந்த மதிப்பு தெரியாது. சிஸ்டம் அட்மினிஸ்ட்ரேட்டருக்கு மட்டும் எப்போதும் தெரியும். எல்லாரையும் அட்மினாக வைத்துக்கொண்டு பத்தியை மறைப்பது வீண் என்பது இதிலேயே புரிந்திருக்கும்.

ஒரு எச்சரிக்கை. கணக்கு எண்ணை 'குறிப்பு' பத்தியிலும் தட்டி வைக்கும் பழக்கம் நம் அலுவலகங்களில் உண்டு, பாஸ்புக்கைப் போட்டோ எடுத்து இணைக்கும் பழக்கமும் உண்டு. பூட்டியது ஒரு பத்தியைத்தான். அந்தக் குறிப்புகளையும் படங்களையும் உட்கார்ந்து துடைத்த பிறகுதான் வேலை முடிந்தது.

நாங்கள் பால் கொள்முதல் செய்கிறோம். தருமபுரி தலைமை, அதன்கீழ் பென்னாகரம், அரூர் குளிரூட்டும் நிலையங்கள் தனித்தனி பிசினஸ் யூனிட்டுகள். பென்னாகரத்தில் இருந்தவரை அரூருக்கு மாற்றினோம். அவருடைய ரோல்கள் எல்லாம் காணாமல் போய்விட்டன. கூடவே பென்னாகரத்து ஆட்களுக்கு அவர் போட்ட பழைய பதிவுகளும் தெரியவில்லை.
– வாசகர், பாலக்கோடு

இரண்டும் கோளாறு அல்ல, வழக்கமான அமைப்பில் அது அப்படித்தான் நடக்கும். ஒருவரை வேறு யூனிட்டுக்கு மாற்றும்போது பழைய யூனிட்டில் கொடுத்த ரோல்கள் கழன்றுவிடும். புது யூனிட்டில் மறுபடி கொடுக்க வேண்டும். தலைமை யூனிட்டில் உருவாக்கிய ரோல் எல்லாக் கிளை யூனிட்டுகளிலும் தானாகவே இருக்கும் என்பதால் புதிதாக எதுவும் உருவாக்க வேண்டியதில்லை, மறுபடி டிக் போட்டால் போதும். ரோலைத் திருத்துவதையும் தலைமை யூனிட்டில் மட்டும் செய்யுங்கள், கிளைகளுக்கு அதுவே போய்ச் சேரும்.

பதிவுகள் விஷயம்தான் சிக்கலானது. பதிவு அதன் உரிமையாளரோடு சேர்ந்தே யூனிட் மாறும். அவர் அரூர் போனதும் அவர் போட்ட பென்னாகரம் பால் பதிவுகளும் அரூர் யூனிட்டுக்குப் போய்விட்டன. பிசினஸ் யூனிட் அளவில் ரீட் வைத்திருந்த பென்னாகரத்து ஆட்களுக்கு அவை மறைந்தன. அவசரமாகச் சரி செய்ய, அந்தப் பதிவுகளை பென்னாகரத்தில் இப்போது இருப்பவருக்கு அசைன் செய்யுங்கள்.

இனிமேல் இப்படி நடக்காமல் இருக்க ஒரு வழி சொல்கிறேன். பால் பதிவுகளுக்கு ஆளை உரிமையாளராக வைக்காதீர்கள், 'பென்னாகரம் நிலையம்' என்ற குழுவை உரிமையாளராக வையுங்கள். ஆள் மாறினால் குழுவிலிருந்து எடுத்துவிட்டு அடுத்தவரைச் சேர்ப்பதோடு முடிந்தது. ஒரு ஆள் மாற்றலாகும்போது தரவும் பெட்டி படுக்கையோடு கிளம்ப வேண்டியதில்லை. குழு வழியாகக் கொடுக்கும் ரோலில், குழுவின் அனுமதி மட்டுமா, ஆளுக்கும் நேரடியாக யூசர் அளவு அனுமதி வேண்டுமா என்று ஒரு தேர்வு இருக்கும். அவர்கள் தங்கள் பெயரிலும் எதையாவது உருவாக்க வேண்டும் என்றால் இரண்டாவதைத் தேர்ந்தெடுங்கள்.

ரோலைச் சரியாக வைத்தும் மாத அறிக்கையில் எல்லாருடைய விவரமும் எல்லாருக்கும் தெரிகிறதே?
– வாசகர், ஓசூர்

பவர் பிஐ என்ற மைக்ரோசாஃப்ட் கருவியில் செய்த அறிக்கையா? தரவை இம்போர்ட் முறையில் இழுத்திருந்தால், இழுத்தவரின் அனுமதிதான் கணக்கு. அட்மின் கணக்கில் இழுத்த தரவு அறிக்கைக்குள் நகலாக உட்கார்ந்துவிட்டது. டேட்டாவெர்ஸ் ரோல் அங்கே எட்டாது. அறிக்கைக்குள்ளேயே யாருக்கு எந்த வரிசை என்று தனியாக வரையறுக்க வேண்டும், அல்லது தேவையில்லாத பத்திகளை இழுக்காமலே விட வேண்டும். பவர் ஆட்டோமேட் ஃப்ளோவும் (தானாக ஓடும் வேலைத்தொடர்) அப்படித்தான், எந்தக் கணக்கின் கனெக்ஷனில் ஓடுகிறதோ அந்தக் கணக்கின் அனுமதியில் ஓடும். ரோல்களைச் சரி செய்கிற அதே வாரத்தில் உங்கள் ஃப்ளோக்கள் யார் பெயரில் ஓடுகின்றன என்ற பட்டியலையும் எடுத்துவிடுங்கள்.

யாரோ ரோலை மாற்றியிருக்கிறார்கள். யார் என்று கண்டுபிடிக்க முடியுமா?
– வாசகி, கிருஷ்ணகிரி

ஆடிட்டிங் (மாற்றங்களைக் குறித்து வைக்கும் வசதி) ஏற்கெனவே இயக்கப்பட்டிருந்தால் முடியும். ரோலில் நடந்த மாற்றம், செய்தவர், நேரம் எல்லாம் பதிவாகியிருக்கும். இயக்கவில்லை என்றால் நடந்து முடிந்ததை அது பின்னோக்கிச் சொல்லாது. இன்றைக்கே இயக்குங்கள். அந்தப் பதிவுகளும் சேமிப்பிடத்தை எடுத்துக்கொள்ளும், ஆகவே எத்தனை நாள் வைத்திருப்பது என்றும் அப்போதே முடிவு செய்யுங்கள்.

பி.எஸ்சி. கணினி அறிவியல் முடிக்கப் போகிறேன். இந்த வேலையைக் கற்றுக்கொண்டால் ஊரிலேயே இருந்து பிழைக்கலாமா? எங்கே தொடங்குவது?
– மாணவி, போச்சம்பள்ளி

பிழைக்கலாம், தங்கச்சி. பெங்களூரு பஸ் ஏறினால்தான் கணினி வேலை என்று நம் பிள்ளைகள் நினைக்கிறார்கள். இங்கே ஆலைகள் இருக்கின்றன, கிரானைட் யூனிட்டுகள் இருக்கின்றன, விவசாயி உற்பத்தியாளர் நிறுவனங்கள் இருக்கின்றன. மென்பொருள் வாங்கிவிட்டு, அனுமதிகளைச் சரியாக வைத்துத்தர ஆள் இல்லாமல் தவிப்பவர்களை நான் நிறையப் பார்க்கிறேன். எடை மேடையும் மண்டியும் எப்படி நடக்கும் என்று சின்ன வயதிலிருந்து பார்த்த உனக்கு, வெளியூர்க்காரருக்குச் சொன்னாலும் புரியாத பல விஷயங்கள் ஏற்கெனவே தெரியும்.

மைக்ரோசாஃப்ட் லேர்ன் தளத்தில் பாடங்கள் இலவசம். பவர் ஆப்ஸ் டெவலப்பர் பிளான் என்று பழகுவதற்கான இலவசத் திட்டமும் இருக்கிறது. அதற்கு ஜிமெயில் போதாது, வேலை அல்லது கல்லூரிக் கணக்கு வேண்டும். உன் கல்லூரி மாணவர்களுக்கு அப்படிக் கணக்குத் தருகிறதா என்று முதலில் கேள். பவர் பிளாட்ஃபார்மின் அடிப்படைத் தேர்வு எழுத விரும்பினால் அதன் எண் பிஎல்-900.

ஆனால் அதற்கெல்லாம் முன், வருகிற ஞாயிற்றுக்கிழமை உங்கள் ஊர்ச் சந்தைக்குப் போய், ஒரு மண்டிக்காரரிடம் கேட்டுக்கொண்டு அரை நாள் பக்கத்தில் இரு. சரக்கு இறக்குகிறவர், எடை போடுகிறவர், விலை பேசுகிறவர், கணக்கு எழுதுகிறவர், பணம் கொடுக்கிறவர் என்று ஒவ்வொருவரும் எந்தத் தாளைப் பார்க்கிறார், எதில் எழுதுகிறார், எதை அவரிடம் காட்டாமல் வைத்திருக்கிறார்கள் என்று குறித்துக்கொள். வீட்டுக்கு வந்து அந்தத் தாள்களை அட்டவணைகளாகவும், ஆட்களை ரோல்களாகவும் எழுதி, மேலே சொன்ன எட்டு அனுமதிகளையும் ஒவ்வொன்றாக நிரப்பிப் பார். நிரப்ப முடியாத கட்டங்கள் வரும். அவற்றை எடுத்துக்கொண்டு மறுபடி மண்டிக்காரரிடம் போய்க் கேள். அதன் பிறகும் சந்தேகம் இருந்தால் அந்தத் தாளையே படம் எடுத்து இந்தப் பகுதிக்கு அனுப்பு, சேர்ந்து பார்ப்போம்.